மேசைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்ட நண்பர்களே, முதல் மூன்று வரிசையைப் பிடித்துக்கொண்டிருக்கும் இறுதியாண்டு மாணவ மாணவியரே, அவர்களுக்குப் பின்னால் அவர்களைவிடக் கவலையோடு உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே!

என்னை அறிமுகம் செய்த நண்பர் முப்பது ஆண்டு அனுபவசாலி என்றார். ஒரு தொழிற்சாலையின் ஆளெடுப்புப் பிரிவில் முப்பது ஆண்டு நாற்காலி தேய்த்தவன் நான், அவ்வளவுதான். நான் சேர்ந்தபோது அதற்கு 'பர்சனல் டிபார்ட்மென்ட்' என்று பெயர். ஓய்வு பெறும்போது 'ஹெச்.ஆர்.' ஆகியிருந்தது. பலகை மாறியது, மேசை அதே மேசைதான். மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வேலை கேட்டு வந்த பிள்ளைகள். அவர்கள் என்னை எப்படியெல்லாம் வளைக்கப் பார்த்தார்கள், நான் எப்படியெல்லாம் வளைந்தேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

வளைப்பது என்றதும் உங்களுக்குச் சிபாரிசுதான் நினைவுக்கு வரும். எம்.எல்.ஏ. கடிதம், மாமாவின் சம்பந்தி, 'தம்பி நம்ம பையன், கொஞ்சம் பார்த்துக்கோங்க' என்று இரவு ஒன்பது மணிக்கு வரும் தொலைபேசி. அது வேறு கதை. அதைப் பேச இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். எந்தச் சிபாரிசும் இல்லாமல், கையில் ஒரு ஃபைலோடு கதவைத் தட்டி, 'மே ஐ கம் இன் சார்' என்று வருகிறானே ஒரு பிள்ளை, அவன் உள்ளே உட்கார்ந்த அந்த இருபது நிமிடத்தில் என்ன செய்கிறான்? அதைப் பார்ப்போம்.

முதலில் அறைக்கு வெளியே போவோம். அங்கே ஒரு பெஞ்ச் இருக்கும். பத்துப் பேர் இருப்பார்கள். முதல் ஆள் உள்ளே போய்விட்டு வெளியே வருகிறான். உடனே ஒன்பது பேரும் அவனைச் சூழ்ந்துகொள்வார்கள். என்ன கேட்பார்கள்? 'உள்ளே என்ன கேட்டாங்க?' அது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். 'யாரு இருக்காங்க? ஆளு எப்படி? சிடுசிடுன்னு இருக்காரா, சிரிச்ச முகமா?' கேள்வித்தாளைத் தெரிந்துகொள்வதைவிட, கேட்பவரைத் தெரிந்துகொள்வதில் அந்தப் பிள்ளைகளுக்கு அவசரம் அதிகம். இருபத்திரண்டு வயதில் அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், அங்கே கணக்குப் போட வேண்டியது மனிதர்களை என்று?

அறிஞர்கள் இதைச் சற்றுத் தாமதமாகத்தான் எழுதினார்கள். எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் ஷெட்லாண்ட் தீவுகளில் தங்கி அந்த ஊர் மக்களைப் பார்த்துவிட்டு, 1956-ல் ஒரு நூல் எழுதினார். நாம் ஒவ்வொருவரும் அன்றாடம் மேடையில் நிற்கும் நடிகர்கள்தாம். முன்மேடை ஒன்று, பின்மேடை ஒன்று என்றார். கூத்துக் கொட்டகையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது விளங்காதா என்ன! 1964-ல் எட்வர்ட் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் இன்னொரு நூல் எழுதினார். மற்றவர் மனத்தில் இடம்பிடிக்க மனிதர்கள் செய்யும் வேலைகளைப் பற்றி முழுநூல். எதிரில் இருப்பவரைப் புகழ்வது, அவர் கருத்துக்கு ஒத்துப்போவது, தன்னை அழகாகக் காட்டிக்கொள்வது, உதவி செய்வது. நம் ஊரில் இதற்கு ஒரே சொல்தான்: ஐஸ் வைப்பது.

ஐஸ் வைப்பதில் எத்தனை வகை! முரட்டு ஐஸ் ஒன்று உண்டு. 'சார், உங்க கம்பெனியில வேலை பார்க்கணும்னு சின்ன வயசிலிருந்தே கனவு சார்.' நாங்கள் செய்ததோ பம்புக்கு வால்வு. எந்தக் குழந்தையும் வால்வைப் பற்றிக் கனவு கண்டிருக்காது. இதற்கு யாரும் மயங்குவதில்லை. மயக்குவது மெல்லிய ஐஸ்.

ஒரு பையனைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். நான் நெல்லைக்காரன். எவ்வளவு திருத்தினாலும் நாக்கு சில நேரம் தாமிரபரணிப் பக்கம் ஓடிவிடும். நேர்காணலின் நடுவில் எங்கள் அலுவலக உதவியாளரிடம், 'அந்த ஃபைல எங்கன வச்சே?' என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். எதிரில் உட்கார்ந்திருந்த பையன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். அடுத்த பதிலில், 'அங்கனக்குள்ள ஒரு மெஷின் இருந்துச்சு சார்' என்றான். எனக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. பிறகு அவன் என்ன சொன்னாலும் சரியாகத்தான் பட்டது. தடுமாறினால், 'பாவம், பயம்' என்று தோன்றியது. இருபத்தைந்துக்கு இருபத்தொன்று போட்டேன். என் பக்கத்தில் இருந்த சென்னைக்காரர் பதின்மூன்று போட்டிருந்தார். அதே பையன், அதே பதில்கள். எட்டு மதிப்பெண் வித்தியாசம்.

மாலையில் அவன் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தர்மபுரிக்காரன். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி மூன்று ஆண்டு டிப்ளமோ படித்தவன். அங்கே கற்றுக்கொண்ட மொழியைச் சமயம் பார்த்து எடுத்திருக்கிறான். எனக்குக் கோபம் வந்ததா? வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என்னை ஏமாற்றிவிட்டான் என்று தெரிந்த பிறகும் அவனை எனக்குப் பிடித்தே இருந்தது.

அவனை எடுத்தோம். வேலையில் எப்படி? சுமார். மோசமில்லை, பிரமாதமும் இல்லை. பதின்மூன்றுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் எங்கோ இருந்தான்.

சரி, அடுத்த கலைக்கு வருவோம். எதிரில் இருப்பவரைப் புகழ்வது ஒன்று. தன்னைத் தானே புகழ்வது இன்னொன்று. 1995-ல் ஸ்டீவன்ஸ், கிறிஸ்டாஃப் என்ற இரு ஆய்வாளர்கள் உண்மையான வேலை நேர்காணல்களையே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். விண்ணப்பதாரர்கள் அதிகம் கையாண்டது தற்புகழ்ச்சியைத்தான். அதில் வியப்பில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாங்களே, 'உன்னைப் பற்றிச் சொல்' என்றுதானே ஆரம்பிக்கிறோம்? தற்புகழ்ச்சி கூடாது என்று இருபது ஆண்டு வீட்டில் சொல்லி வளர்த்துவிட்டு, இருபத்தோராவது ஆண்டில் ஒரு அறைக்குள் தள்ளி, 'இப்போது பத்து நிமிடம் புகழ்ந்துகொள்' என்கிறோம்.

இதில் மிக வேடிக்கையானது பலவீனக் கேள்வி. 'உங்களுடைய பெரிய பலவீனம் என்ன?' முதல் வரிசை மாணவர்களே, பதிலைச் சொல்லுங்கள் பார்ப்போம். ஆம்! 'நான் ஒரு பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் சார்.' பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்டிருக்கும். கோவையில் கேட்டாலும் இதே பதில், திருச்சியில் கேட்டாலும் இதே பதில். 'வேலையை எடுத்துட்டா முடிக்காம தூங்க மாட்டேன் சார், அதுதான் என் வீக்னஸ்.' ஒரே நாளில் பதினோரு பேர் தூங்காதவர்களாகக் கிடைத்திருக்கிறார்கள் எனக்கு.

ஒரே ஒரு பெண் மட்டும் வேறு பதில் சொன்னாள். 'சார், எனக்கு போன்ல பேச வராது. நேர்ல பேசிடுவேன். போன் அடிச்சா கை நடுங்கும். அதனால முதல்ல ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டுதான் பேசுவேன்' என்றாள். அறை ஒரு நிமிடம் அமைதியானது. நாங்கள் மூவரும் அவளுக்கு ஒரே மதிப்பெண் போட்டோம். அதிகம்.

உடனே முதல் வரிசையில் சிலர் குறித்துக்கொள்கிறீர்கள். பொறுங்கள்! 1966-ல் எலியட் ஆரன்சனும் அவர் நண்பர்களும் ஒரு சோதனை செய்தார்கள். வினாடி வினாவுக்கு ஆளெடுக்கும் உரையாடலை நாடாவில் பதிந்து மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒருவன் கெட்டிக்காரன், நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு கேள்விக்குச் சரியான விடை. இன்னொருவன் சுமார், முப்பது. சில நாடாக்களில் மட்டும் கடைசியில் ஒரு சத்தம் கேட்கும்: ஐயோ, புதுச் சட்டையெல்லாம் காபி கொட்டிவிட்டது! கேட்டவர்களுக்குக் காபி கொட்டாத கெட்டிக்காரனைவிடக் காபி கொட்டிய கெட்டிக்காரனை அதிகம் பிடித்தது. காபி கொட்டிய சுமார் ஆளை? கொட்டாத சுமார் ஆளைவிடக் குறைவாகப் பிடித்தது. போன் பயத்தைச் சொன்ன அந்தப் பெண் அதற்கு முன்பு பதினைந்து நிமிடம் தொழில்நுட்பக் கேள்விகளுக்கு வெளுத்துக்கட்டியிருந்தாள். அதை நான் சொல்ல மறந்துவிட்டேன், பார்த்தீர்களா? காபி மட்டும் நினைவிருக்கிறது.

உடை, வாசனை, கைகுலுக்கல் என்று கடைத்தெருவில் விற்கும் புத்தகங்கள் அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்லும். நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். உறுதியான கைகுலுக்கலுக்கு மதிப்பெண் கூடுகிறது என்று 2008-ல் ஒரு ஆய்வு வந்தது. இருக்கலாம். ஆனால் 1986-ல் ராபர்ட் பேரன் செய்த ஆய்வைக் கேளுங்கள். வேலைக்கு வரும் பெண்ணாக ஒருவரை நடிக்கவைத்தார். வாசனைத் திரவியமும் பூசி, புன்னகையும் கண்பார்வையும் தாராளமாகக் காட்டியபோது, நேர்காணல் செய்த ஆண்கள் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிகள் ஆய்வுக்கூடம் இல்லாமலே சொன்னார்கள். எங்கள் வாசலில் நான் பார்த்தது இன்னும் நுட்பமானது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, கர்ச்சீஃப் எடுத்து நெற்றித் திருநீற்றைத் துடைத்தவனையும் பார்த்திருக்கிறேன். சட்டைப்பையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்துப் பூசிக்கொண்டு வந்தவனையும் பார்த்திருக்கிறேன்.

பூச்சு சரி. பொய்? லெவாஷினா, கேம்பியன் என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், வேலை தேடும் கல்லூரி மாணவர்களில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் நேர்காணலில் ஏதோ ஒரு வகையில் பாசாங்கு செய்திருந்தார்கள். பின்வரிசைப் பெற்றோர்களே, பதற வேண்டாம். அதில் பெரும்பகுதி சற்றே பெரிதாக்கிச் சொல்வது, சங்கடமானதைச் சொல்லாமல் விடுவது. பச்சைப் பொய்க்குப் பக்கத்தில் வந்தவர்கள் அதைவிடக் குறைவு. ஆனால் பச்சைப் பொய்யும் ஒரு தொழிலாகிவிட்டதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஐ.டி. வேலை தேடும் பிள்ளைகள் தங்கும் மேன்ஷன் சுவர்களில், 'எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட்' என்று மொட்டையாக ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்ததில்லையா? இல்லாத கம்பெனியில் இரண்டாண்டு வேலை பார்த்ததாகச் சான்றிதழ், சம்பளச் சீட்டு. வீடியோ நேர்காணல் வந்த பிறகு, பக்கத்து அறையில் ஒருவன் பதில் சொல்ல, திரையில் இருப்பவன் வாயசைக்கிறான். சினிமாவில் பின்னணிப் பாடகர் மாதிரி! இதை நான் கலை என்று சொல்ல மாட்டேன். இது மோசடி. 'பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன்' என்று ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் கழித்து மாட்டிக்கொண்டு, வீட்டில் சொல்ல முடியாமல் அழுத பையனை நான் சமாதானம் செய்திருக்கிறேன். அந்த வேலையை மட்டும் செய்யாதீர்கள்.

இப்போது என் மனத்தை அரிக்கும் இடத்துக்கு வருகிறேன்.

வளைக்கும் கலை தெரிந்தவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். தெரியாதவர்கள்? நம் ஊர்களில் பெரியவர் முன்னால் பிள்ளை எப்படி நிற்கும்? கையைக் கட்டி, தலையைச் சற்றுத் தாழ்த்தி, கண்ணைக் கண்ணால் பார்க்காமல் நிற்கும். நிமிர்ந்து பார்த்தால், 'என்னடா முறைக்கிற?' என்று கேட்டிருக்கிறோமா இல்லையா? 'எதிர்த்துப் பேசாதே' என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? அந்தப் பிள்ளை அந்த மரியாதையை அப்படியே எடுத்துக்கொண்டு என் அறைக்குள் வருகிறது. நாற்காலி நுனியில் உட்காருகிறது. மேசையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறது. நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'கான்ஃபிடன்ஸ் இல்லை.' எத்தனை தாள்களில் எழுதியிருப்பேன்! வீட்டில் மரியாதை என்று பெயர் வாங்கியதற்கு, என் தாளில் குறை என்று பெயர்.

ஒரு பையனின் தாளில் அப்படி எழுதிய பிறகு, கதவைத் திறந்து வெளியே போகும்போது அவன் செருப்பை மாட்டினான். வாசலிலேயே கழற்றிவிட்டு வந்திருக்கிறான். எங்கள் அலுவலகத்துக்குள் ஷூவோடுதான் எல்லோரும் நடப்போம். அவனுக்கு அது தெரியாது. நான் தாளை மாற்றி எழுதவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நகரத்துப் பள்ளியில் படித்து, அப்பாவின் நண்பர்கள் வீட்டுக்கு வரும்போது 'ஹலோ அங்கிள்' என்று கைகொடுத்துப் பழகிய பிள்ளைக்கு, இந்தக் கலை தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது. அதற்கு யாரும் 'வளைக்கிறான்' என்று பெயர் வைப்பதில்லை. 'ஸ்மார்ட்' என்கிறோம். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளை அதையே கடைசி ஆறு மாதத்தில் பணம் கட்டி வகுப்பில் கற்றுக்கொண்டு வந்து, சற்றுக் கோணலாகச் செய்தால், 'மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கான்' என்கிறோம்.

இத்தனை வளைத்தலும் வேலைக்கு ஆகிறதா? பாரிக்கும் அவருடைய சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2009-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தோற்றம், புன்னகை, பேச்சு, ஐஸ், தற்புகழ்ச்சி எல்லாம் நேர்காணல் மதிப்பெண்ணை நன்றாகவே உயர்த்துகின்றன. ஆனால் சேர்ந்தபின் வேலையில் அவர் எப்படி என்பதோடு அவற்றுக்குள்ள தொடர்பு மிகவும் குறைவு. எங்கே இந்த வளைத்தல் அதிகம் பலிக்கிறது? கேள்விகளை முன்கூட்டி எழுதாமல், வாய்க்கு வந்ததைக் கேட்டு, 'ஆளைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்' என்று மார்தட்டும் நேர்காணல்களில். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனி மதிப்பெண் என்று வரம்பு கட்டிய இடங்களில் அதன் வேகம் தணிந்துவிடுகிறது. அப்படியானால் குற்றவாளி யார்? ஐஸ் வைத்த பிள்ளையா, உருகிய நானா?

இந்தக் கேள்வியை நம் நீதிமன்றங்கள் எப்போதோ கேட்டுவிட்டன. 1970-ல் நம் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பெரியகருப்பன் வழக்கு என்பார்கள். வேலை விஷயம் இல்லைதான். ஆனால் அதே மேசை, அதே நாற்காலி. மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத்துக்கு. ஒரு பிள்ளையோடு பேசியது மூன்று நிமிடம்! இது அதிகமாகத் தெரிகிறதே என்றது நீதிமன்றம். பத்தாண்டு கழித்து ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரியிலிருந்து அஜய் ஹாசியா வழக்கு வந்தது. அங்கேயும் இரண்டு மூன்று நிமிடம்தான். கேட்டதும் அப்பா யார், வீடு எங்கே என்கிற மாதிரிக் கேள்விகள். நேர்முகத்துக்குப் பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்றார்கள் நீதிபதிகள். நேர்காணலை நாடாவில் பதிந்து வைப்பது நல்லது என்றும் சொன்னார்கள். 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகமே நீக்கப்பட்டுவிட்டது. இந்திய ஆட்சிப் பணித் தேர்வில் இன்றும் இருக்கிறது: மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275.

நம் முன்னோர் என்ன செய்தார்கள்? உத்திரமேரூருக்குப் போனால் கோயில் சுவரில் இருக்கிறது. பராந்தக சோழன் காலம், 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். ஊர் வாரியத்துக்கு ஆள் வேண்டும். நிலம், வயது, படிப்பு, கணக்கு ஒழுங்காகக் காட்டியவரா என்று முதலில் தகுதி பார்த்தார்கள். பிறகு பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள். அந்தச் சிறுவனிடம் யார் போய் ஐஸ் வைப்பது? நிலமில்லாதவன் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது என்ற குறை அந்த முறைக்கு உண்டு. இருந்தாலும் அந்தக் குடத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதை.

திருக்குறளில் ஐம்பத்தோராம் அதிகாரம் தெரிந்துதெளிதல். ஆளெடுக்கும் அதிகாரம். அதன் முதல் குறளுக்குப் பரிமேலழகர் உரை எழுதும்போது 'உபதை' என்பதைச் சொல்கிறார். அரசன் தானே ஆள் வைத்து, அறத்தைக் காட்டி, பொருளைக் காட்டி, இன்பத்தைக் காட்டி, உயிருக்கு அச்சம் காட்டிச் சோதிப்பது. அன்று வேடம் போட்டது ஆளெடுத்தவன் பக்கம்! அதிலும் ஒரு நாடகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த நாடகம் ஒருவன் என்ன செய்கிறான் என்று பார்த்தது. என் அறையில் நடந்த நாடகம் அவன் என்ன சொல்கிறான் என்று மட்டும் கேட்டது. வால்வு பூட்டத் தெரியுமா என்று அறிய ஒரு வால்வைக் கையில் கொடுத்தாலே போதும் என்று எங்களுக்குத் தோன்றப் பல வருடமானது. கடைசி சில ஆண்டுகள் அப்படித்தான் செய்தோம். மேசை மேல் ஒரு பழைய வால்வு, இரண்டு ஸ்பானர். செருப்பைக் கழற்றிவிட்டு வந்த பையன் மாதிரிப் பிள்ளைகள் அதைக் கையில் எடுத்ததும் நாற்காலி நுனியை விட்டு நன்றாக உட்காருவார்கள். வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

முன்வரிசைப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று. கடைசியில் நாங்கள், 'எங்களிடம் ஏதாவது கேட்கணுமா?' என்போம். பெரும்பாலும், 'நோ சார், தேங்க் யூ சார்' என்று எழுந்துவிடுவீர்கள். நான் ஓய்வு பெற்ற ஆண்டில் ஒரு பையன் எழவில்லை. 'சார், ஒண்ணு கேட்கலாமா? நான் உட்கார்ந்து ரெண்டு நிமிஷத்துல நீங்க பேனாவை மூடிட்டீங்க. அப்பவே மார்க் போட்டுட்டீங்களா?' என்றான்.

பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். நான் பேனாவைத் திறந்தேன். அவனை இன்னொரு முறை உட்காரச் சொன்னேன்.

கேள்வி நேரம் இருக்கிறது என்று அவைத் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒலிவாங்கி உங்களிடம் வரும். எழுந்து நிற்க வேண்டாம், உட்கார்ந்தபடியே கேளுங்கள்.